இருட்டில்லாத இரவு: ஜப்பானிய மர அச்சில் விளக்கும் செர்ரியும்

கன்னங்கரேலென்ற பின்னணி. தாழ்வாரத்து ஓரத்தில் நின்று, கைவிளக்கைத் தூக்கிப் பிடித்து, தலைக்கு மேல் நீண்டிருக்கும் கிளையின் பூக்களைப் பார்க்கிறாள் ஓர் இளம்பெண். சுசுகி ஹருநொபு 1766ஐ ஒட்டி வரைந்த இந்த மர அச்சுப் படத்தின் பிரதி ஒன்று நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சற்று நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு விந்தை தெரியவரும். அந்த விளக்கால் அங்கே எதுவுமே நடக்கவில்லை. அவள் முகத்தில் அதன் ஒளி விழவில்லை. அங்கியின் நிறம் எங்கும் மங்கவுமில்லை, கூடவுமில்லை. காலடியில் நிழல் இல்லை. விளக்கை மட்டும் அழித்துவிட்டால் படத்தில் வேறெதையும் திருத்த வேண்டியிராது. கிளையில் இருப்பது செர்ரி அல்ல, ப்ளம் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். அந்த வேறுபாடு பின்னால் உதவும்.

இதன் எதிர்முனையில் கவாசே ஹசுய் 1931இல் செய்த ‘இனொகஷிராவின் இளவேனில் இரவு’ நிற்கிறது. குளக்கரைச் செர்ரி மரங்கள் நீலத்தில் தோய்ந்திருக்கின்றன. வெளிச்சம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது எங்கே விழுகிறதோ அங்கே நிறம் மாறுகிறது. இரண்டு படங்களுக்கும் நடுவே சுமார் 165 ஆண்டுகள். காகிதம், கட்டை, தேய்த்து அச்சிடும் முறை எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் இரவு ஏன் இவ்வளவு காலம் பகலைப் போலவே அச்சானது? எப்போது, எதனால் இருட்டியது? ஜப்பானிய அச்சுக் கலையைப் பற்றி எழுதியவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இதற்கு விடை சொல்லிவருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இரவுச் செர்ரி, ஜப்பானியர் ‘யொசகுரா’ என்று தனிப்பெயரிட்டு அழைக்கும் பொருள், இந்த விடைகளை உரசிப் பார்க்க நல்ல கல்லாக அமைகிறது.

குறி போதும் என்ற மரபு

முதல் விடை எளிது: இரவை வரைய இருட்டு வேண்டியதில்லை. பழைய ஜப்பானிய ஓவியச் சுருள்களில் ஒரு தீப்பந்தமோ வானத்தில் ஒரு பிறையோ இருந்தால் அது இரவு. பார்ப்பவர் மீதியை இட்டு நிரப்பிக்கொள்வார். ஹருநொபுவின் கறுப்புப் பின்னணியும் இருட்டின் தோற்றமல்ல, ‘இது இரவு’ என்று சொல்லும் ஒரு சொல். கைவிளக்கு அதே சொல்லை இன்னொரு முறை சொல்கிறது.

இந்த வாதத்துக்கு வலுவான துணை கபுகி நாடகம். ‘தம்மரி’ என்றொரு கட்டம் உண்டு. நள்ளிரவில் பலர் ஒருவரையொருவர் காணாமல் தடவித் தடவி நடப்பார்கள், கை நீட்டி வெற்றிடத்தைத் துழாவுவார்கள், மயிரிழையில் தப்பிப்பார்கள். மேடையோ நல்ல வெளிச்சத்தில் இருக்கும். எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், தீ விபத்துக்கு அஞ்சி நாடகங்கள் பகலில்தான் நடந்தன. ஆக அந்த நகரத்து மக்கள் மேடையில் கண்ட இரவுகள் எல்லாமே பகல் வெளிச்சத்தில் நடிக்கப்பட்ட இரவுகள். நடிகர்களின் படங்களையும் அழகியரின் படங்களையும் வாங்கிய கண்களும் அவையே.

இன்னொரு நடைமுறைக் காரணமும் சொல்லப்படுகிறது. அழகியர் படத்தில் பாதி அழகு உடைதான். அங்கியின் பூவேலை, இடைக்கச்சின் நெசவு, மடிப்பில் தெரியும் உள்வரி எல்லாவற்றையும் வாங்குபவர் கவனித்தார்; புது மோஸ்தர் படங்களின் வழியேதான் பரவியது. இருட்டை உண்மையாகப் பூசினால் இத்தனையும் மறைந்துபோகும்.

மரபு வாதத்தின் குறை, அது நிலைத்திருப்பதை விளக்குமே தவிர மாறியதை விளக்காது என்பது. அதுமட்டுமல்ல, மரபு உச்சத்தில் இருந்தபோதே அதை மீறியவர்களும் இருந்தார்கள். 1780களிலும் 90களிலும் சிவப்பைத் தவிர்த்து சாம்பல், ஊதா, வெளிர்மஞ்சள் ஆகியவற்றில் அச்சான ‘பெனிகிராய்’ படங்கள் சிலவற்றில் அந்தியின் மங்கல் உண்டு. எய்ஷோசாய் சோகியின் மின்மினி பிடிக்கும் படத்தில், 1794 வாக்கில், மைக்காத்தூள் கலந்த கரும்பின்னணி இரவைப் போலவே மினுங்குகிறது. குறி போதும் என்று எல்லோரும் நினைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

நீலமும் கரியும்

இரண்டாவது விடை பட்டறைக்குள்ளிருந்து வருகிறது. வரைபவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், பணம் போட்டு மூவரையும் வேலை வாங்கும் பதிப்பாளர் ஒருவர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. ஈரக் காகிதத்தைக் கட்டையின் மேல் விரித்து, மூங்கில் மடலால் சுற்றிய ‘பரென்’ என்ற வட்டப் பட்டையால் முதுகில் தேய்க்க வேண்டும். பலவண்ண அச்சு 1765இல்தான் எடோவில் நிலைபெற்றது; ஹருநொபு அந்த முதல் அலையின் ஆள்.

இந்தப் பட்டறையில் இரவுச் செர்ரி எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். கட்டை பெரும்பாலும் மலைச்செர்ரி மரம்; நெருக்கமான இழையுள்ளதால் மயிர்க்கோடும் சிதையாமல் நிற்கும். வானத்துக்கான கட்டையில் செதுக்குபவர் ஒவ்வொரு பூ இருக்கும் இடத்தையும் குடைந்து பள்ளமாக்குகிறார். மேடாக நிற்கும் மீதிப்பரப்பில் மை ஏறுகிறது. மை என்பது எண்ணெயோ பைன் மரமோ எரிந்த புகைக்கரியைப் பசையோடு சேர்த்துச் செய்தது. அச்சு எடுத்தால் இருட்டு காகிதத்தில் பதிகிறது, பூ பதிவதில்லை. வெள்ளை இதழாக நாம் பார்ப்பது மை படாத வெறுங்காகிதம். விலை உயர்ந்த பதிப்பென்றால் மை தடவாத கட்டையை அழுத்தி இதழின் வரம்பு மட்டும் புடைத்தெழச் செய்வார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அது தெரியும். செர்ரிக் கட்டையால் அச்சான செர்ரிப் பூவில் அச்சாகாத பகுதி பூ மட்டும்தான்!

பொருள் சார்ந்த வாதத்தின் மையம் நீலம். 1820களின் இறுதிவரை அச்சுக்காரர்களிடம் இருந்த நீலங்கள் இரண்டு: வெளிச்சம் பட்டால் விரைவில் வெளுத்துப்போகும் ஒரு பூச்சாறு, ஆழ்ந்த சீரான பரப்பைத் தரத் தயங்கும் அவுரி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம் நாகசாகி வழியாக வந்து, விலை குறைந்து, 1830ஐ ஒட்டி அச்சில் புகுந்தது. அச்சு ஓவியர் ஹொகுசாயின் ஃபியூஜி மலைப் படங்கள் அதன் வெற்றி விளம்பரம். ஈரக் கட்டையில் நிறத்தைத் துடைத்துத் துடைத்து மேலே அடர்த்தியாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் கரையவைக்கும் ‘பொகாஷி’ முறையோடு இந்த நீலம் சேர்ந்தபோது வானத்துக்கு முதன்முறையாக ஆழம் கிடைத்தது. ஹென்றி ஸ்மித் என்ற வரலாற்றாசிரியர் இதை நீலப் புரட்சி என்றே அழைத்தார். இன்னோர் அச்சு ஓவியர் ஹிரொஷிகெயின் மாலைகளும் மழையிரவுகளும் இந்த நீலம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாதவை.

வாதம் கவர்ச்சியானது, ஆனால் முழுதும் ஏற்க இடமில்லை. இருட்டுக்கு வேண்டிய மிக மலிவான பொருள், கரி மை, தொடக்கத்திலிருந்தே பட்டறையில் இருந்தது. ஹருநொபு அதைப் பயன்படுத்தியும் காட்டினார். அவரிடம் இல்லாதது கறுப்பு அல்ல, கறுப்புக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் வரும் படிகள். அந்தப் படிகளுக்குக் கட்டைகள் கூட வேண்டும். கட்டை கூடினால் செலவு கூடும். ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையை ஒட்டி விற்ற பொருளுக்கு அந்தச் செலவு தாங்காது. 1842இன் சீர்திருத்த ஆணைகள் ஒரு படத்துக்கு ஏழெட்டுக் கட்டைகளுக்கு மேல் கூடாதென்றும், விலைமகளிரையும் நடிகரையும் வரையக் கூடாதென்றும் தடை போட்டன. ஆணை எத்தனை நாள் கண்டிப்பாக நடந்தது என்பது வேறு கதை.

மேற்கிலிருந்து வந்த நிழல்

நிழலும் விழும் ஒளியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, அவை வரும்வரை ஜப்பானிய அச்சு இரவை அறியவில்லை என்பது மூன்றாவது நிலைப்பாடு. நெடுங்காலம் இதுவே பொதுப்புத்தியாக இருந்தது. இதற்குச் சான்று இல்லாமலில்லை. ஒகுமுரா மசனொபு 1740களிலேயே ஐரோப்பிய ஆழக்காட்சி முறையில் உள்ளரங்குகளை வரைந்தார். உதகாவா தொயொஹாரு அதைத் தெருக்களுக்கும் ஆறுகளுக்கும் கொண்டுபோனார். நம்மூர்த் திருவிழாவின் பயாஸ்கோப் பெட்டி போன்ற பார்வைப்பெட்டிகள் அங்கேயும் சுற்றின. உள்ளே வைத்த படத்தில் ஊசித்துளை இட்டுப் பின்னாலிருந்து விளக்குக் காட்டினால் பகல் தெரு இரவுத் தெருவாகிவிடும். ஷிபா கோகன் 1783இல் செப்புத்தகட்டு அச்சைச் செய்துகாட்டினார்.

சிக்கல் என்னவென்றால், கடன் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் வாங்கவில்லை. தொயொஹாரு ஆழக்காட்சியை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார். அதோடு கூடவே வந்த நிழலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார். அறியாமையால் என்றால் நம்பும்படி இல்லை. நிழல் ஜப்பானியருக்குப் புதிதும் அல்ல. காகிதக் கதவுக்குப் பின்னால் விழும் நிழலுருவம் வேடிக்கைக்குரிய பொருளாக நெடுநாள் இருந்தது. உடலை முறுக்கி நின்று நிழலில் விலங்காகவும் பாத்திரமாகவும் தெரியும் விளையாட்டை ஹிரொஷிகெயே அச்சில் வரைந்து விற்றார். நிழல் என்றால் சிரிப்பு. அழகியின் காலடியில் அதற்கு என்ன வேலை?

அதே ஹிரொஷிகெ 1856இல், ‘எடோவின் நூறு புகழ்க்காட்சிகள்’ வரிசையில், நாடகக் கொட்டகைகள் நிறைந்த சருவகாத் தெருவை முழுநிலவில் வரைந்தபோது நடப்பவர் ஒவ்வொருவரின் நிழலும் தரையில் விழுந்து கிடக்கிறது. இதை மேற்கின் தாக்கம் என்று சொல்லலாம். அல்லது விளையாட்டு நிழல் முதன்முதலாக வேலைக்குப் போனது என்றும் சொல்லலாம். முடிவாகச் சொல்ல இயலாது. பின்னால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஓவியர் விஸ்லர் 1870களில் லண்டனில் வரைந்த நீல இரவுப் பாலம் ஹிரொஷிகெயிடம் கற்றது. அதே பத்தாண்டில் அச்சு ஓவியர் கொபயாஷி கியொச்சிகா தோக்கியோவில் செய்த இரவுகளை ‘விஸ்லரைப் போல்’ என்று எழுதுவோர் உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று தேடத் தொடங்கினால் சுற்றிச் சுற்றி அதே பாலத்துக்கே வந்து சேர்வோம்.

யொஷிவராவின் இரவல் மரங்கள்

இந்த மூன்று விடைகளும் ஓவியரையும் பட்டறையையும் பார்க்கின்றன. வரையப்பட்ட இடத்தைப் பார்க்கும் நான்காவது விடை ஒன்று உண்டு. கூடுதலாக எடுத்துச் சொல்லத் தக்கது இதுதான் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

எடோவில் செர்ரிக்குப் பஞ்சமில்லை. உவேனோவின் கன்எய்ஜிக் கோயில் வளாகம் இருந்தது. நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களில் எட்டாமவர் யொஷிமுனெயின் காலத்தில் அசுகாயாமாக் குன்றிலும் சுமிதா ஆற்றங்கரையிலும் மரங்கள் நடப்பட்டன. ஆனால் இவையெல்லாம் பகலுக்குரியவை. உவேனோவின் வாயில் அந்தி மணியோடு மூடப்பட்டது. அசுகாயாமா ஊருக்கு வெளியே. நகரத்துக்குள்ளோ பேட்டைக்குப் பேட்டை மரக்கதவு வைத்து இரவில் சாத்தினார்கள். பொழுது சாய்ந்தபின் வெளிச்சம் போட்டு, ஊரைக் கூப்பிட்டு, செர்ரி காட்டிய பேரிடம் ஒன்றே ஒன்று: யொஷிவரா. அரசு உரிமம் பெற்ற விலைமகளிர் பேட்டை. 1657 பெருந்தீக்குப் பின் அசாகுசாவுக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் மாற்றப்பட்டு, சுற்றிலும் அகழியும் ஒற்றை வாயிலுமாக இருந்தது.

அங்கிருந்த செர்ரி மரங்களுக்கு அந்த மண்ணில் வேர் கிடையாது. 1740களில் தொடங்கிய வழக்கப்படி, பழைய நாட்காட்டியின் மூன்றாம் மாதம் பிறக்கும்போது நகனோச்சோ என்ற நடுத்தெருவில் பூக்கும் பருவத்து மரங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து நடுவார்கள். அடியில் மஞ்சள் யமபுகிச் செடி, சுற்றிலும் பச்சை மூங்கில் வேலி, இடையிடையே காகித விளக்கு. மாதம் முடிந்தால் மரங்களைப் பிடுங்கி எடுத்துப் போய்விடுவார்கள். உதிர்ந்த பூவையும் தளிர்த்த கிளையையும் வாடிக்கையாளர் பார்க்க நேராது. திருவிழாவுக்குத் தெருவில் வாழைமரம் கட்டுவதைப் போன்ற ஏற்பாடு; அளவுதான் பெரிது.

இங்கேதான் ப்ளமுக்கும் செர்ரிக்கும் உள்ள வேறுபாடு உதவுகிறது. ப்ளம் மணக்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத ப்ளத்தை அதன் மணத்தால் அறிவது பழங்கவிதையின் தேய்ந்த உத்தி. அந்தப் பூவுக்கு விளக்கு ஒரு கூடுதல் நயம் மட்டுமே. பெரும்பாலான செர்ரி வகைகளில் சொல்லும்படி மணம் இல்லை. இரவில் செர்ரி வேண்டுமென்றால் யாரோ ஒருவர் எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டும். சாதாரண வீடுகளில் மத்தி மீன் எண்ணெய் புகைந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு தெரு முழுவதும் ஒரு மாதம் எரியும் விளக்கு என்பது ஆடம்பரத்தின் அறிவிப்பு.

ஆகவே 1830களில் ஹிரொஷிகெ ‘நகனோச்சோவின் இரவுச் செர்ரி’ என்று வரைந்தபோது, நடுவில் மரவரிசையும் இருபுறமும் தேநீர் விடுதிகளுமாகத் தெரு நேரே உள்ளோடிப் போக, படம் ஒளிர்ந்துகொண்டிருப்பது மரபின் பழக்கத்தால் மட்டும் அல்ல என்று கருத இடமிருக்கிறது. அங்கே விற்கப்பட்டதே வெளிச்சம்தான். ஓவியர்கள் உதமாரோவையும் ஷராகுவையும் வெளியிட்ட பதிப்பாளர் த்சுதயா ஜூசபுரோ 1770களில் யொஷிவராவின் வாசலருகே கடை போட்டு, எந்த வீட்டில் எந்தப் பெண் என்று சொல்லும் வழிகாட்டிப் புத்தகம் விற்றுத்தான் தொழிலில் காலூன்றினார். படத்துக்கும் பேட்டைக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான்.

ஒளியின் வணிகம் என்ற இந்த விடை, மற்ற மூன்றும் தொடாத ஒன்றையும் தொடுகிறது. அந்தத் தெருவில் இருட்டு இருந்தது. கடனுக்கு ஈடாக விற்கப்பட்டு, ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாயிலைத் தாண்ட முடியாத பெண்கள். இறந்தால் மினொவாவிலுள்ள ஜோகன்ஜிக் கோயிலில் கொண்டுபோய்ப் போடப்பட்ட உடல்கள். ‘வீசிவிடும் கோயில்’ என்றே அதற்கு ஊரில் பெயர். அச்சுப் படம் எதையும் மறைத்ததாக அதை வரைந்தவர் எண்ணியிருக்க மாட்டார். அது விளம்பரத்தின் இயல்பு. ஆனால் பார்க்கும் நாம் எண்ணாமல் இருக்க முடிவதில்லை. 2024இல் தோக்கியோ கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் யொஷிவராவைப் பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தியபோது, அதன் விளம்பரம் இந்தக் கொடுமையைக் கொண்டாட்டமாக்குகிறது என்று தொடங்குமுன்பே கண்டனம் கிளம்பியது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த விளக்குகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன என்றே சொல்ல வேண்டும்.

இந்த விடைக்கும் குறை உண்டு. குறிப்பிட்ட ஒரு படத்துக்கு யொஷிவராவின் விடுதி பணம் கொடுத்தது என்று காட்டும் ஆவணம் அரிது. பெரும்பாலும் ஊகத்தின் பலத்தில் நிற்கிறோம். யொஷிவராவோடு தொடர்பில்லாத இரவுகளும் எடோ அச்சில் வெளிச்சமாகவே இருக்கின்றன. மேலும் ஹிரொஷிகெயே இதற்கு எதிர்ச்சான்று தருகிறார். 1857இல் அவர் வரைந்த ‘பேட்டைக்குள் விடியல்’ படத்தில் அதே செர்ரி, அதே இடம். ஆனால் இரவைக் கழித்த ஆண்கள் முகத்தை மறைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்; கீழ்வானம் வெளுக்கத் தொடங்குகிறது; பூக்கள் இன்னும் நிறம் பெறவில்லை. விளம்பரத்துக்கு இந்த நேரம் எதற்கு?

ஹொகுசாயின் மகள்

எல்லா விடைகளையும் இடறவைக்கும் ஆள் ஒருவர் உண்டு: ஹொகுசாயின் மூன்றாம் மகள் கத்சுஷிகா ஓய். அவர் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் உறுதியாகக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் படைப்புகளும் மிகச் சில. தோக்கியோவின் ஓதா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய யொஷிவரா இரவுக் காட்சியில், மரச்சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் ஒளியில் வீற்றிருக்க, வெளியே நின்று பார்ப்பவர்கள் கரிய உருவங்களாக நிற்கிறார்கள். மூன்று விளக்குகளின் மேல் ஓவியரின் பெயர் எழுத்துகள் பிரித்து ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. அய்ச்சி மாநிலத்து மெனார்ட் அருங்காட்சியகத்தில் இருப்பது இரவுச் செர்ரி. கல்விளக்கின் அருகில் ஒரு பெண் கவிதைச் சீட்டையும் தூரிகையையும் ஏந்தி நிற்கிறாள். ஒளி அவள் முகத்திலும் கையிலும் விழுகிறது; மேலே இருளில் கரைந்துபோகும் பூக்கள்; வானத்தில் அளவும் நிறமும் வேறுபடும் விண்மீன்கள். இதில் கையெழுத்து இல்லை. ஓய் வரைந்தது என்பது பாணியை வைத்துச் செய்யப்பட்ட, பெரும்பாலோர் ஏற்கும் கணிப்பு. அந்தப் பெண் உவேனோச் செர்ரியோடு இணைத்துச் சொல்லப்படும் கவிஞர் ஷூஷிகியாக இருக்கலாம் என்பதும் கணிப்பே.

இவை இரண்டும் கையால் வரைந்த ஓவியங்கள், அச்சுகள் அல்ல. விஷயமே அதில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், எடோவின் மிகப் பெயர்பெற்ற அச்சு ஓவியரின் வீட்டிலேயே, விழும் ஒளியை முழுதாகக் கையாளத் தெரிந்த ஒருவர் இருந்தார். ஆகவே ‘தெரியாததால் வரையவில்லை’ என்பது நிற்காது. மரபு தடுத்தது என்றால் தூரிகையை மட்டும் ஏன் விட்டுவைத்தது? ஒளியை அச்சுக்குக் கொண்டுபோகத் தடையாக இருந்தது பட்டறையின் கணக்காகவோ வாங்குபவர் எதிர்பார்ப்பாகவோ இருந்திருக்க வேண்டும். ஒருவேளை யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அக்காலப் பதிப்பாளர்கள் ஒரு பெண்ணிடம் எதைக் கேட்டிருப்பார்கள் என்பது தனியே ஆராயத் தக்கது.

எரிவாயு விளக்குக்குப் பிறகு

1874இல் தோக்கியோவின் கின்சாத் தெருவில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. இரண்டாண்டுகள் கழித்து, 1876இல், கியொச்சிகாவின் ‘கோசென்-கா’, அதாவது ஒளிப்படங்கள் என்று விற்கப்பட்ட வரிசை வெளிவரத் தொடங்கியது. கரிய வெளிக்கோட்டைக் குறைத்து, நிறத்தின் மேல் நிறம் ஏற்றி, செப்புத்தகட்டு அச்சின் குறுக்குக்கோடுகளையும் இரவல் வாங்கி, அச்சில் முதன்முறையாக இருட்டையே பொருளாக்கினார். ‘சுமிதா ஆறு, இரவு’ என்ற 1881ஆம் ஆண்டுப் படத்தில் ஆணும் பெண்ணும் கரிய உருவங்களாகக் கரையில் நிற்க, எதிர்க்கரை விளக்குகள் நீரில் இழுபடுகின்றன.

அவர் ஆங்கிலேய ஓவியர் சார்ல்ஸ் விர்க்மனிடம் கற்றார் என்பது நெடுநாள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அதற்கான சான்று மெலிது என்பதே பிந்தைய ஆய்வாளர்களின் எச்சரிக்கை. கவனிக்க வேண்டிய வேறொன்று அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. கியொச்சிகா ஷோகன் ஆட்சியின் கீழ்நிலை ஊழியர். ஆட்சி வீழ்ந்ததும் தலைவரோடு ஷிசுவோகாவுக்குப் போய், பெயர் மாறிப்போன தம் சொந்த ஊருக்கு 1874இல் திரும்பியவர். வெளிச்சம் கூடியபோது இருட்டு கண்ணில் பட்டது என்பது ஒரு வாசிப்பு. ஊரை இழந்தவர் கண்ட ஊர் என்பது இன்னொன்று. கவிஞர் கினோஷிதா மொகுதாரோ 1910களில் அவரை மீட்டெடுத்து எழுதியபோது இந்த இழப்பின் தொனியே முன்னே நின்றது.

ஏற்றுமதியான இருட்டு

இருட்டு முழுவீச்சில் விற்பனைக்கு வந்தது அடுத்த தலைமுறையில். பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ 1915 வாக்கில் ‘ஷின்-ஹங்கா’, புதிய அச்சு, என்ற பெயரில் பழைய பட்டறையை உயிர்ப்பித்தார். 1923 நிலநடுக்கமும் தீயும் அவருடைய கட்டைகளையும் இருப்பையும் எரித்தன. அதன்பின் ஹசுய் வரைந்த இரவுகள், மழைகள், பனிகள் ஏராளம். இளமையில் கியொச்சிகாவின் வீட்டிலேயே தங்கிக் கற்ற த்சுசியா கோய்த்சு 1930களில் இந்த வட்டத்துக்குள் வந்தார்; ஒளிப்படங்களுக்கும் புதிய அச்சுக்கும் நேரடி இரத்த உறவு உண்டு என்பதற்கு அவர் சாட்சி.

யொஷிதா ஹிரொஷி வேறு வகை. எண்ணெய் ஓவியத்திலும் நீர்வண்ணத்திலும் பயின்று, ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுற்றி, நாற்பது வயதுக்குமேல் அச்சுக்கு வந்து, 1925இல் சொந்தப் பட்டறை வைத்தார். ஒரே கட்டைகளில் நிறத்தை மட்டும் மாற்றிக் காலை, மாலை, மூடுபனி, இரவு என்று பாய்மரப் படகுகளை அச்சிட்டுக் காட்டினார். யொஷினோ மலையின் ‘குமோய் செர்ரி’யை 1926இல் நிலவு எழும் வேளையில், வழக்கத்தைவிட மிகப் பெரிய அளவில் செய்தார். அவருடைய தொழில்முறைக்கு இரவு ஓர் அச்சு ஓட்டம்; கட்டையைத் திருத்தாமலே பொழுதை மாற்றலாம். இதே கண்ணோடு 1930-31இல் இந்தியா வந்தவர் தாஜ்மகாலை நிலவிலும் அச்சிட்டார். மதுரைப் பெருங்கோயிலையும் அந்த இந்திய வரிசையில் சேர்த்தார்.

வாங்கியவர்கள் யார்? பெரும்பகுதி அமெரிக்கர்கள். ஒஹாயோ மாநிலத்து டொலீடோ அருங்காட்சியகம் 1930இலும் 1936இலும் நடத்திய கண்காட்சிகள் இந்தச் சந்தையைப் பெரிதாக்கின. எனவே புதிய அச்சின் இரவுகள் வெளிநாட்டார் விரும்பிய பழைய ஜப்பானின் படங்கள், மின்கம்பியும் தொழிற்சாலையும் தெரியாமலிருக்க இருட்டு வசதியான திரை என்பது ஒரு கடுமையான விமரிசனம். பாதி உண்மை. ஹசுயின் படங்களில் மின்கம்பங்களும் ஒளிரும் ஜன்னல்களும் தாராளமாகவே உண்டு. மேலும் உள்ளூரிலும் அதே ஏக்கம் இருந்தது: எழுத்தாளர் தனிசாகி ஜுனிச்சிரோ நிழலைப் போற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1933-34இல் வந்தது. அதைக் காட்டி, நிழல் ஜப்பானிய அழகுணர்வின் தொன்மையான வேர் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அச்சுப் படங்களின் சாட்சியம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கோயிலுக்குள்ளும் தேநீர் அறைக்குள்ளும் என்ன இருந்ததோ, எடோவின் தெருவாசி காசு கொடுத்து வாங்கிய படங்களில் நிழலுக்கு நூறாண்டுக்கும் மேலாக இடம் கிடைக்கவில்லை.

மரமே மாறியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எடோக்காரர்கள் பெரிதும் கண்டது செந்தளிரோடு பூக்கும் மலைச்செர்ரி. இலை வருமுன் மரம் முழுதும் வெளிறிய ஒரே பூப்பரப்பாகும் சோமெய்-யொஷினோ வகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. ஒட்டுக்கட்டி வளர்ப்பதால் ஓரிடத்து மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூக்கும். இருட்டில் தானே ஒளிர்வதுபோல் நிற்கும் வெள்ளைத் திரள் அந்த மரத்தின் தோற்றம். ஹசுய் கண்ட இரவும் ஹிரொஷிகெ கண்ட இரவும் தாவரவியல்படியே வேறு.

தீராதவை

தனியொரு விடை போதாது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு பங்கு எதற்கு என்பதில்தான் வழக்கு. மரபு தொடக்கத்தை விளக்குகிறது; நீலம் 1830ஐ விளக்குகிறது; மேற்கின் பங்கு கியொச்சிகாவுக்குப் பின் மறுக்க முடியாதது, அதற்குமுன் அளக்க முடியாதது. யொஷிவராவின் வெளிச்ச வணிகம் இரவுச் செர்ரிக்கு மட்டும் நன்றாகப் பொருந்துகிறது. மற்ற இரவுகளுக்கு அதை நீட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். பதிப்பாளர்களின் கணக்கேடுகள் இன்னும் கிடைத்தால் அந்தப் பகுதி உறுதிப்படலாம்.

இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் பார்ப்பது அவர்கள் அச்சிட்ட இரவுதானா? ஒரே கட்டையில் முதலில் எடுத்த பிரதிகளுக்குக் கவனமான பொகாஷி கிடைக்கும். விற்பனை சூடுபிடித்தபின் அச்சிட்டவற்றில் அச்சுக்காரர் அந்த உழைப்பை விட்டுவிடுவதுண்டு. பூச்சாற்று நீலமோ சில ஆண்டு வெளிச்சத்திலேயே பழுப்பாகிவிடும். இன்று பட்டப்பகலாகத் தெரியும் பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்கள் சிலவற்றின் வானம் அன்று அந்தியாக இருந்திருக்கலாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளைக் கொடுத்தபோது, அவற்றை ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்தத் தொகுப்பில் நீலங்களும் ஊதாக்களும் இன்னும் பிழைத்திருக்கின்றன. எடோவின் இரவு எவ்வளவு இருட்டாக இருந்தது என்று கேட்பவர்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை, நூறாண்டாக வெளிச்சம் படாமல் இழுப்பறைகளில் கிடக்கும் அந்தப் பிரதிகள்தான்.